பொட்டு வைக்காத கார்

சிட்லபாக்கத்தில் ஒரு மாவு மில்லுக்கு மேல்மாடியில் இருக்கிறது அபிகாயில் துப்பறியும் நிலையம். கீழே மிளகாய் அரைக்கிற நாட்களில் மேலே வருகிற கட்சிக்காரர்கள் எல்லோருமே கண்ணீர் விடுவார்கள். அதனால் அந்தச் சனிக்கிழமை காலை பிளஸ்ஸி அழுதபோது உதவியாளர் சிட்டிபாபு அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கீழே அரைபடுவது வெறும் கோதுமை என்பது அவருக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் உறைத்தது.

"அழாத பாப்பா, இன்னா மேட்டர்னு சொல்லு" என்றார்.

"அழுகை இல்ல சார். ஆத்திரம்" என்றாள் பிளஸ்ஸி. "எனக்கு ஆத்திரம் வந்தா கண்ணுலதான் வரும்."

மேஜைக்கு அந்தப் பக்கம் அபிகாயில் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஆத்திரம் என்ற சொல்லைக் கேட்டாலே அவர் முகம் மலர்ந்துவிடும். வாகன இன்சூரன்ஸ் சர்வேயராக இருந்து, நசுங்கிய வண்டிகளையும் நசுங்காத பொய்களையும் பார்த்துப் பார்த்து வளர்ந்த கோபம் அவருடையது. அவர் ஒருமுறை தும்மினால் தாம்பரம் சானடோரியத்தில் ரயில் அரை நிமிடம் தாமதமாகும் என்று சிட்டிபாபு சொல்வார். கோபப்பட்டால் ரத்தே ஆகிவிடுமாம்.

பிளஸ்ஸியின் கதை இதுதான். பெண்களுக்கு மட்டும் கார் ஓட்டக் கற்றுத்தரும் பள்ளி நடத்துகிறாள். பள்ளி என்றால் ஒரு வாத்தியார், ஒரு வெள்ளைக் கார். சொல்லிக்கொடுப்பவர் பக்கமும் கிளட்சும் பிரேக்கும் வைத்த பயிற்சிக் கார். கதவில் பெரிய எழுத்தில் அவள் பெயர். கிளட்ச் தேய்ந்ததென்று ஆடியில் அதைக் கோவிலம்பாக்கத்துத் துரைராஜ் ஷெட்டில் விட்டாள். ரெண்டே நாள் என்றான் துரைராஜ். இப்போது கார்த்திகை மழை கொட்டுகிறது. கார் வரவில்லை.

"கேட்டா பார்ட் வரலைங்கறான். புனேலேருந்து வரணுமாம். புனேலேருந்து நடந்து வந்திருந்தாலும் இந்நேரம் வந்திருக்கும். திங்கக்கிழமை காலைல என் பள்ளியோட லைசென்ஸ் புதுப்பிக்க இன்ஸ்பெக்‌ஷன் இருக்கு மேடம். பயிற்சிக் கார் அதிகாரி கண் முன்னால நிக்கணும். ஏற்கெனவே ஒரு தடவை தவணை குடுத்துட்டாங்க. இந்தத் தடவை கார் இல்லன்னா லைசென்ஸ் போச்சு. பள்ளியும் போச்சு."

"அந்த ஷெட்டைக் காட்டினது யாரு?" என்றார் அபிகாயில்.

"என் ஃபிரண்டு உதயா. முன்னாடி வேற ஒரு பள்ளியில ரெண்டு பேரும் ஒண்ணா இன்ஸ்ட்ரக்டரா இருந்தோம். தங்கமான மெக்கானிக்னு சொன்னா. பாவம், இப்ப தினம் போன் பண்ணி ஆறுதல் சொல்றதும் அவதான். கேஸுன்னு போனா அவன் முறுக்கிக்கிட்டு இன்னும் இழுப்பான், பொறுமையா இருன்னு அவ சொன்னதாலதான் இவ்வளவு நாள் வாயை மூடிட்டிருந்தேன்."

"சிட்டிபாபு, சட்டம் என்ன சொல்லுது?"

சிட்டிபாபு தாம்பரம் கோர்ட்டில் வக்கீல் குமாஸ்தாவாகக் காலம் தள்ளியவர். சட்டப் புத்தகங்களை அவர் படித்ததில்லை. ஆனால் அத்தனை வருடம் தூக்கிக்கொண்டு நடந்ததில் அவை தோள் வழியாகவே உள்ளே இறங்கிவிட்டன.

"வழி நெறைய கீது" என்று ஆரம்பித்தார். "மொதல்ல வக்கீல் நோட்டீஸ். இன்ன தேதிக்குள்ள வண்டியக் குடு, இல்லாங்காட்டி பாருன்னு. அத்த வாங்கி அவன் டீ கிளாஸுக்கு அடியில வெச்சுப்பான். ஆனா பின்னால கேஸுக்கு அது ஒதவும். அப்பால நுகர்வோர் ஆணையம். செங்கல்பட்டுல மனு போட்டா, சேவைக் குறைபாடுன்னு நஷ்டஈடு கேக்கலாம், வண்டிய மொதல்ல குடுக்கச் சொல்லி இடைக்கால உத்தரவும் கேக்கலாம். சூப்பர் வழி. ஆனா சனிக்கெழம கேட்டு திங்கக்கெழம வாங்கறதுக்கு அது இன்னா மெடிக்கல் ஷாப்பா?"

"போலீஸ்?"

"இது சிவில் மேட்டரும்மா, பேசித் தீத்துக்கோன்னுவாங்க. நம்ப குடுத்த பொருள அவன் வேற எதுக்கோ யூஸ் பண்ணிக்கினான்னு காட்டினா, அது நம்பிக்கை மோசடி. அப்போ எழுந்து ஒக்காருவாங்க."

"நானே போய் என் காரை ஓட்டிட்டு வந்துட்டா? என் கார்தானே!"

"அங்கதான் பேஜாரு. ரிப்பேர் பண்ணவன் கூலி வராத வரைக்கும் வண்டியப் புடிச்சு வெச்சுக்கலாம்னு சட்டத்துல ஒரு பிடி கீது. வேலையே முடிக்காதவனுக்கு இன்னா பிடின்னு நாம வாதாடலாம். ஆனா கோர்ட்டு ஏறித்தான் வாதாடணும். சொல்லாம கொள்ளாம ஷெட்டுல பூந்து எடுத்தா, அவன் உன்னைத் திருடின்னுவான்."

அபிகாயில் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்த வேகத்தில் கண்ணாடியின் பவர் குறைந்திருக்கும்.

"அவன் வண்டியைப் பிடிச்சு வெச்சிருக்கான். சரி. பிடிச்சு வெச்சுத்தான் இருக்கானா? வாங்க, பாத்துட்டு வரலாம். பிளஸ்ஸி, நீ வராதே. கார்ல உன் சாமான் ஏதாவது இருக்கா?"

"என் பைபிள் இருக்கு மேடம். டேஷ்போர்டுக்குள்ள."

"போதும்" என்றார் அபிகாயில்.

சிட்டிபாபுவின் மொபெட்டில் இருவரும் கோவிலம்பாக்கம் போய்ச் சேர்ந்தபோது மழை விட்டிருந்தது. துரைராஜ் ஷெட்டின் வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பஜ்ஜி தின்றுகொண்டிருந்தான். உலகத்தில் அவனுக்கு ஓர் அவசரமும் இல்லை. அவன் மென்ற வேகத்தைப் பார்த்தால், அந்த பஜ்ஜிக்கும் ஏதோ பார்ட் புனேயிலிருந்து வரவேண்டும்போல் இருந்தது.

"நான் பிளஸ்ஸியோட அத்தை" என்றார் அபிகாயில், பாகு மாதிரிக் குரலில். அந்தக் குரலைக் கேட்டு சிட்டிபாபுவுக்கே முதுகு சில்லிட்டது. "அவ பைபிள் கார்ல மாட்டிக்கிச்சாம் தம்பி. நாளைக்குச் சர்ச்சுக்கு வேணும்னு அழறா. எடுத்துக்கட்டுமா?"

"ஓ, நாளைக்கு சண்டே இல்ல? காலைல அவங்க சர்ச்சுக்குப் போயிடுவாங்க இல்ல?" துரைராஜின் முகத்தில் ஒரு நிம்மதி படர்ந்தது. "எடுத்துக்குங்க ஆன்ட்டி. வண்டி பின்னாலதான் கீது. கியர்பாக்ஸ் கழட்டி வெச்சிருக்கேன். விட்டன்னிக்கி நின்ன எடத்துலேர்ந்து ஒரு இஞ்சு நகரலை."

"எப்பப்பா முடியும்?" என்றார் சிட்டிபாபு.

"பார்ட் வந்தா முடியும் பெரியவரே. அவசரப்பட்டா இன்னா ஆவும்? இதுவரைக்கும் பண்ண வேலைக்கு பில்லு கீது. அதக் கட்டாம யாரும் வண்டியத் தொட முடியாது. சட்டம் எங்க பக்கம். கோர்ட்டுக்குப் போறதுன்னா போவச் சொல்லுங்க. நான் பஜ்ஜி துன்னுக்கினே வர்றேன்."

அபிகாயில் சிரித்தார். அப்படி அவர் சிரித்த நாளில்தான் ஒரு பொய் கிளெய்ம் ஆசாமி கையிலிருந்த காபியைக் கொட்டிக்கொண்டு உண்மையை ஒப்புக்கொண்டான் என்பது சிட்டிபாபு அறிந்த சரித்திரம்.

ஷெட்டுக்குள்ளே ஆயுத பூஜையின் மிச்சம் காய்ந்து கிடந்தது. சந்தனமும் குங்குமமும் வைக்காத பொருள் அங்கே கிடையாது. கம்ப்ரெஸருக்குப் பொட்டு. ஜாக்கிக்குப் பொட்டு. தண்ணீர்க் குழாய்க்கும் உடைந்த பிளாஸ்டிக் நாற்காலிக்கும் பொட்டு. டீ பிளாஸ்க்குக்கு மூன்று. மூலையில் தூங்கிய நாய் அன்றைக்கு ஓடிப் பிழைத்திருக்க வேண்டும். இன்ஜின் செத்துக் கிடந்த ஓர் ஆட்டோ, பெரிய சிலுவை ஒட்டிய ஆம்னி வேன், பிறை வரைந்த மினி லாரி என்று ரொம்ப நாளாக நிற்கிற வண்டிகளின் நெற்றிகளில் எல்லாம் பொட்டு பளிச்சென்று இருந்தது.

அபிகாயில் வெள்ளைக் காரைச் சுற்றி ஒரே ஒரு நடை நடந்தார். கதவைத் திறந்து பைபிளை எடுத்தார். பின் பம்பரருகே குனிந்து செருப்பைச் சரிசெய்துகொண்டார். இடப்பக்கக் கதவையும் திறந்து, "குடை இருக்கான்னு பாத்தேன், இல்ல" என்றார். அவ்வளவுதான்.

தெருமுனை தாண்டியதும் பாகு மறைந்து அசல் அபிகாயில் வெளியே வந்தார். மொபெட்டின் பின்சீட்டிலிருந்து வந்த கோபத்தில் முன்னால் ஓட்டியவரின் காது சூடேறியது.

"ஒரு இஞ்சு நகரலையாம்! என்ன நெஞ்சழுத்தம்! சிட்டிபாபு, அந்த ஷெட்டுல பொட்டு இல்லாதது எது?"

"நாயி."

"இன்னொண்ணு?"

சிட்டிபாபு பிரேக் போட்டார். "மேடம்! நம்ப காரு! ஆனா, கிறிஸ்டின் வண்டியாச்சேன்னு மருவாதிக்கி வுட்டிருப்பான்."

"சிலுவை போட்ட வேனுக்கு வெச்சிருக்கான், பிறை போட்ட லாரிக்கு வெச்சிருக்கான். பிளஸ்ஸி காருக்கு மட்டும் என்ன தனி மரியாதை? மெக்கானிக் ஷெட்டுல ஆயுத பூஜை அன்னிக்கு உள்ள நிக்கிற எல்லாத்துக்கும் பொட்டு விழும். விழலைன்னா அது அன்னிக்கு உள்ளேயே இல்ல. விடுமுறை நாள். எங்கயோ ஓடிட்டிருந்திருக்கு."

"ஓட்டினவன் ஆரு?"

"அதுவும் கார்லயே இருக்கு. டிரைவர் சீட் ஸ்டீயரிங்கோட ஒட்டிக்கிடக்கு. உக்காந்தா வயிறு இடிக்கும். யாரு அப்படி உக்காந்து ஓட்டுவாங்க?"

"பயந்தவங்க. புச்சா கத்துக்கறவங்க!"

"இடது பக்க பிரேக் பெடல்ல ஈரச் சேறு. ஒருத்தர் கத்துக்கறாங்க, இன்னொருத்தர் பக்கத்துல உக்காந்து பிரேக் போடறாங்க. அந்தப் பொண்ணு கார் இல்லாம வீட்ல உக்காந்து அழுவுது. அவ கார்லயே எவளோ பள்ளி நடத்தறா!" அபிகாயில் சொன்ன சத்தத்தில் ரோட்டோரம் பூக்கட்டிக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். "பின் பம்பர்ல முழங்கால் உயரத்துல ஒரு இடி. அதுல ரோஸ் பெயின்ட் ஒட்டியிருக்கு. ரிவர்ஸ் எடுக்கத் தெரியாதவங்க முழங்கால் உயரத்துல எதுல போய் இடிப்பாங்க?"

இதற்கு சிட்டிபாபு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. அவருடைய மச்சான் மனைப் புரோக்கர். விருந்துக்குக் கூப்பிட்டாலும் லேஅவுட் பிளானில்தான் சோறு போடுவான்.

"மனைக்கல்லு மேடம்! பிளாட்டு போடறவன் ஒவ்வொருத்தனும் தன் கல்லுக்கு ஒரு கலர் அடிப்பான். அடுத்தவன் லேஅவுட்டோட கலந்துடக்கூடாதில்ல? மஞ்ச கீது, பச்ச கீது. ரோஸு அடிக்கிறவன் இந்தப் பக்கத்துலயே ஒருத்தன்தான். கூடுவாஞ்சேரிக்கு உள்ளார. ரோடு போட்டு வெச்சிருக்கான், ஒரு வூடு கூட வரலை. யானைக்குக் கூட கார் ஓட்டக் கத்துத் தரலாம்."

"பிளஸ்ஸி சர்ச்சுல இருக்கிற நேரம் பாத்து நாளைக்குக் காலைல அங்க கிளாஸ் நடக்கும்" என்றார் அபிகாயில். "அதான் அவன் மூஞ்சில அந்த நிம்மதி. நாளைக்கு நான் சர்ச்சுக்குப் போகலை. கடவுள் கிட்ட நான் பேசிக்கறேன்."

ஞாயிறு காலை. ரோஸ் நிறக் கற்கள் வரிசையாக நட்ட பொட்டல் வெளி. ஊரே குடிவரப் போகிறது என்று லேஅவுட்டின் நுழைவில் வளைவு கட்டியிருந்தார்கள். இதுவரை குடிவந்தவை மாடுகள் மட்டும்தான். வளைவை ஒட்டிய டீக்கடையில் பிளஸ்ஸியைக் குடைக்குப் பின்னால் உட்காரவைத்துவிட்டு, அபிகாயில் புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு உள்ளே நடந்தார். கூடவே தம்பி வேடத்தில் சிட்டிபாபு.

ஒரு இஞ்சுகூட நகராத கார், தூரத்தில் குதித்துக் குதித்து வந்துகொண்டிருந்தது.

ஓட்டிவந்த பெண் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு இறங்கினாள். இடப்பக்கம் உட்கார்ந்திருந்தவள் கூலிங் கிளாஸ் போட்டிருந்தாள். கழுத்தில் விசில். கதவில் பிளஸ்ஸியின் பெயர் அப்படியே இருந்தது. கீழே இருந்த போன் நம்பர்மேல் மட்டும், நேற்று ஷெட்டில் இல்லாத வேறொரு நம்பரை ஒட்டியிருந்தார்கள்.

"மேடம், எனக்கும் கத்துத் தர்றீங்களா?" என்றார் அபிகாயில் நடுங்கும் குரலில். "எனக்கு ஸ்டீயரிங்கைப் பாத்தாலே மயக்கம் வரும். இவன் என் தம்பி. துணைக்குப் பின்னால உக்காரட்டும்."

"வாங்க ஆன்ட்டி, டெமோ கிளாஸ் ஃப்ரீ. எங்கிட்ட வந்துட்டீங்க இல்ல, பயத்தை மறந்துடுங்க."

பழகுநர் உரிமம் இருக்கிறதா என்று பேச்சுக்குக்கூட அவள் கேட்கவில்லை. சிட்டிபாபு பின்சீட்டில் ஏறி, மனதுக்குள் அதையும் குற்றப்பட்டியலில் சேர்த்துக்கொண்டார்.

"உங்க பேரு மேடம்?" என்றார் அபிகாயில், சாவியைத் தேடுவதுபோல் தடவிக்கொண்டே.

அவள் கதவைத் தட்டிக் காட்டினாள். "அதான் எழுதியிருக்கே ஆன்ட்டி. பிளஸ்ஸி."

பின்சீட்டிலிருந்து சிட்டிபாபு பார்த்தது அபிகாயிலின் கைகளைத்தான். ஸ்டீயரிங்கைப் பிடித்த பிடியில் அது முறுக்கு மாதிரி ஆகிவிடும் என்று பயந்துபோனார். காரைத்தான் திருடினாள் என்று பார்த்தால் ஆளையே திருடிவிட்டாள்!

"கிளட்சை மெதுவா விடுங்க..." என்று அவள் தொடங்கினாள்.

அவள் வாயை மூடுவதற்குள் கார் வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல் கிளம்பியது. முதல் கியர், இரண்டு, மூன்று. ஒரு குலுக்கல் இல்லை. கற்களுக்கு நடுவே ஒரு வளைவு, ஒரு மாட்டைச் சுற்றி இன்னொரு வளைவு. கூலிங் கிளாஸ்காரி வாயைப் பிளந்தாள்.

"ஆன்ட்டி! மொத நாளே இப்படியா!"

"வாத்தியார் அப்படி" என்றார் சிட்டிபாபு பின்னாலிருந்து.

"கிளட்ச் நல்லாத்தான் இருக்கு" என்றார் அபிகாயில். நடுக்கம் போய்ப் பழைய குரல் திரும்பியிருந்தது. "புனே பார்ட் எப்பவோ வந்துடுச்சு போல."

கூலிங் கிளாஸ்காரியின் கால் பிரேக்கைத் தேடுவதற்குள், வளைவுக்கு வெளியே தார் ரோட்டில், டீக்கடைக்கு நேர் எதிரே அபிகாயிலே காரை நிறுத்தினார். குடை விலகியது. பிளஸ்ஸி எழுந்து வந்து, ஜன்னலுக்குள் குனிந்தாள்.

"உதயா?"

உதயா கூலிங் கிளாஸைக் கழற்றினாள். கழற்றிய பிறகு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை.

"நேத்து ராத்திரிகூடப் போன் பண்ணியே" என்றாள் பிளஸ்ஸி. குரல் உயரவில்லை. அதுதான் சிட்டிபாபுவை உலுக்கியது. "பொறுமையா இருன்னியே. சர்ச்சுக்குப் போய் ஜெபம் பண்ணிக்கோன்னியே. திங்கக்கிழமை இன்ஸ்பெக்‌ஷன்னு உன்கிட்ட மட்டும்தானே சொன்னேன்?"

"பிளஸ்ஸி, நான் சொல்றதைக் கேளு. சும்மா கெடந்தா இன்ஜின் வீணாப் போயிடும்னு துரைராஜ்தான்..."

அப்போது லேஅவுட்டுக்குள்ளிருந்து, வரிசையில் காத்திருந்த ஒரு பெண் மூச்சு வாங்க ஓடிவந்தாள். "பிளஸ்ஸி மேடம்! அடுத்த கிளாஸ் என்னோடது! எங்க போறீங்க?" என்று உதயாவைப் பார்த்துக் கேட்டாள்.

பிளஸ்ஸி அந்தப் பெண்ணைப் பார்த்தாள். தன் பெயர் எழுதிய கதவைப் பார்த்தாள். கண்ணில் நீர் முட்டியது. அவளுக்கு ஆத்திரம் அங்கேதான் வரும்.

"நான்தாம்மா பிளஸ்ஸி" என்றாள். "இவ உதயா. இவளுக்குப் பள்ளி நடத்த லைசென்ஸ் இல்ல, காரும் இல்ல, வெக்கமும் இல்ல. மேடம், கொஞ்சம் இறங்குங்க."

அபிகாயில் இறங்கினார். பிளஸ்ஸி ஸ்டீயரிங் முன் உட்கார்ந்து, சீட்டைத் தடால் என்று பின்னுக்குத் தள்ளினாள். முட்டி இடிபட்ட சிட்டிபாபு காலை மடக்கிக்கொண்டார்.

உதயாவுக்கு இப்போதுதான் தைரியம் திரும்பியது. "இந்த வண்டி துரைராஜோட பொறுப்பு. பில் பாக்கி இருக்கு. நான் அவன் ஷெட்ல திருப்பி விட்டுடறேன். நீ அங்க போய் வாங்கிக்கோ. வேணும்னா கேஸ் போட்டுக்கோ."

பிளஸ்ஸி ஆக்ஸிலரேட்டரை மிதித்தாள். உதயா இடப்பக்க பிரேக்கை மிதித்தாள். இன்ஜின் உறுமியது. கார் ஒரு முழம் துள்ளி நின்றது. மறுபடி உறுமல், மறுபடி துள்ளல். ஆடி மாதத்திலிருந்து தன்னைக் கட்டிப்போட்ட கால் எது என்று பிளஸ்ஸி அப்போதுதான் கண்ணால் பார்த்தாள்.

"காலை எடு."

"எடுக்க மாட்டேன். சட்டப்படி..."

"சட்டமா?" சிட்டிபாபு பின்சீட்டிலிருந்து தலையை நீட்டினார். அத்தனை வருடமும் வக்கீல்களின் கோட்டுக்குப் பின்னால் நின்றவருக்கு இப்படி ஒரு கோர்ட் கிடைத்ததே இல்லை. "இத்தக் கேட்டுக்கோ. ரிப்பேர்காரனுக்கு வண்டி மேல கீற பிடி, வண்டி அவன் கைக்குள்ள கீற வரைக்கும்தான். எப்போ அவனே ஷெட்டத் தொறந்து உன் கையில சாவியக் குடுத்து ஊர் சுத்த வுட்டானோ, அப்பவே அந்தப் பிடி உட்டுப் போச்சு. ரிப்பேருக்குக் குடுத்தத வேற வேலைக்கு ஓட்டினா, ஒப்பந்தத்தையே ஓனரு முறிச்சுக்கலாம். இது பப்ளிக் ரோடு. ஒக்காந்திருக்கறது ஓனரு. நீ பிரேக்குல வெச்சிருக்கியே காலு, அதுக்குத்தான் இப்போ சட்டத்துல எடம் கெடயாது. நம்பிக்கை மோசடி, ஆள்மாறாட்டம். போலீஸுக்கு நானே எழுதித் தரேன், எங்கையெழுத்து முத்து முத்தா இருக்கும்."

உதயா அபிகாயிலைப் பார்த்தாள். அபிகாயில் சிரித்தார். அந்தச் சிரிப்பு. உதயாவின் கால் தானாக மேலே வந்தது. அவள் கதவைத் திறந்து சேற்றில் இறங்கினாள். ஓடிவந்த மாணவி அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "அப்போ என் அட்வான்ஸ் என்னாச்சு?" என்று ஆரம்பித்தாள்.

பிளஸ்ஸி புறப்படவில்லை. போனை எடுத்து, ஸ்பீக்கரில் போட்டு, நம்பரை அழுத்தினாள்.

"துரைராஜ் அண்ணா, பிளஸ்ஸி பேசறேன். என் வண்டி என்னாச்சு?"

"அட, சர்ச்சுல இல்லியா மேடம்? பார்ட்டு இன்னும் வரலியே. நாளைக்கிக் கேட்டுச் சொல்றேன்."

"வண்டி பத்திரமா இருக்கா?"

"வண்டி எங்க போவும்? இதோ, எங்கண்ணு முன்னாடியே நிக்கிது. பானெட்டத் தொட்டுக்கினுதான் பேசறேன். பில்ல மட்டும் ரெடி பண்ணுங்க."

பிளஸ்ஸி உள்ளங்கையை ஹாரன்மேல் வைத்து முழு பலத்தோடு அழுத்தினாள். மாடுகள் மிரண்டு ஓடின. டீக்கடைக்காரர் கிளாஸை நழுவவிட்டார். கூடுவாஞ்சேரி ஸ்டேஷனில் நின்ற ரயில் சிக்னல் விழுந்துவிட்டதென்று கிளம்பியே போயிருக்கும். போதும் போதும் என்று எல்லோரும் காதைப் பொத்தும் வரை அவள் கையை எடுக்கவில்லை.

"இது எந்த வண்டி ஹாரன்ணா?"

மறுமுனையில் ஸ்டூல் சரிந்து விழும் சத்தம் கேட்டது.

"தொட்டுக்கிட்டே இருங்கண்ணா. விட்டுடாதீங்க" என்று போனை வைத்தாள்.

அபிகாயில் முன்சீட்டில் ஏறிக் கதவைச் சாத்தினார். சிட்டிபாபுவுக்கு உற்சாகம் தாங்கவில்லை. "பாப்பா, இந்தப் பேச்சுக்கு நாம மூணு பேரும் சாட்சி. வண்டி கெடச்சிடுச்சேன்னு அவன வுட்டுடாத. போலீஸு ஒரு பக்கம் போவட்டும். நாளைக்குக் காலைல மொத வேலையா செங்கல்பட்டு போயி ஆணையத்துல மனுவப் போட்டுடலாம். இன்னா சொல்ற?"

பிளஸ்ஸி கண்ணைத் துடைத்துக்கொண்டு கியரைப் போட்டாள்.

"மத்தியானம் போகலாம் சார். காலைல எனக்கு இன்ஸ்பெக்‌ஷன் இருக்கு."